கடைசியாக ஓடிவருபவரின் மைதானம்

நுழையும்முன்

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்னும் பேச்சு இன்று வீடுதோறும் கேட்கிறது. அதற்கெனப் பொடிகளும் பட்டினி முறைகளும் விளம்பரமாகின்றன. ஆனால், உடல் எதற்காக உரம்பெற வேண்டும், அந்த உரத்தை எதனைக்கொண்டு அளப்பது, பள்ளி மைதானம் யாருக்கு உரியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. அவ்வினாக்களை எழுப்பி, மாணவப் பருவத்தில் ஓட்டமும் வலிமைப் பயிற்சியும் பெறவேண்டிய இடத்தை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

காரிமங்கலம் வாரச்சந்தைக்கு ஆடு வாங்க வருவோர் தராசைத் தேடுவதில்லை. ஆட்டை இரு கைகளாலும் சற்றே தூக்கிப் பார்ப்பர்; முதுகெலும்பை விரல்களால் அழுத்திப் பார்ப்பர்; 'இத்தனை கிலோ தேறும்' என்று சொல்லிவிடுவர். பழகிய கையின் மதிப்பீடு பெரும்பாலும் பிழைப்பதில்லை. இறைச்சிக்காக விற்கப்படும் உயிருக்கு எடையைக்கொண்டு விலை வைப்பது வணிகமுறை. வாழ்வதற்காகப் பிறந்த மனித உடலையும் அதே முறையில் மதிப்பிடும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது.

திருமண வீட்டில் நெடுநாள் கழித்துச் சந்திக்கும் உறவினர், 'படிப்பு எப்படிப் போகிறது?' என்று கேட்பதற்கு முன்பே, 'என்ன இப்படிப் பெருத்துவிட்டாய்?' என்றோ, 'ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?' என்றோ கேட்கின்றனர். வகுப்பறையில் உடலை வைத்தே பட்டப்பெயர்கள் சூட்டப்படுகின்றன. அப்பெயர்களைச் சுமக்கும் மாணவர் முதலில் விலகுவது மைதானத்திலிருந்துதான். ஓடினால் சிரிப்பார்கள் என்று அஞ்சி மரநிழலில் அமர்ந்துவிடுகிறார். ஓட்டம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ, அவரே ஓட்டத்தினின்று விரட்டப்படுகிறார்.

இந்நிலை மாறவேண்டுமானால் நம் அளவுகோல் மாறவேண்டும். ஓட்டமும் வலிமைப் பயிற்சியும் உடலைப் பிறர் கண்ணுக்கு ஏற்றவாறு செதுக்கும் வேலைகள் அல்ல. உடலின் ஆற்றலைப் பெருக்கும் பயிற்சிகள் அவை. நேற்று இயலாதது இன்று இயல்கிறதா என்பதே பயிற்சியின் அளவுகோலாக இருத்தல் வேண்டும். அவ்வாறு கொண்டால், முதலாவதாக வருபவருக்கு மைதானத்தில் எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை கடைசியாக வருபவருக்கும் உண்டு என்பது தெளிவாகும்.

எடை சொல்லாத செய்தி

ஒருவரது எடை அவரது உயரத்துக்குப் பொருத்தமானதா என்பதை அறிய மருத்துவர்கள் உடல்நிறைக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுகின்றனர். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடால்ஃப் கெட்டலே, மக்கள் கூட்டத்தின் சராசரி இயல்புகளை ஆராய்ந்தபோது வகுத்த முறை இது. கூட்டத்தைப் பற்றி அறிய இது பயன்படும். தனியொருவர் உடலுக்குள் என்ன இருக்கிறது என்பதை இது முழுமையாகக் காட்டுவதில்லை. அதிலும் வளரிளம் பருவத்தினர்க்கு வயதையும் பாலினத்தையும் ஒட்டிய தனி அட்டவணைகளைக் கொண்டே இவ்வெண்ணைப் பொருள்கொள்ள வேண்டும்.

இதனை விளக்க ஒரு சான்று உண்டு. புனே நகர மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவ ஆய்வாளர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் உடல்களையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு குறிப்பு எழுதினர். இருவருக்கும் உடல்நிறைக் குறியீட்டெண் 22.3. எண்ணை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே நிலையினர். உடற்கொழுப்பை அளந்தபோதோ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடும் யாக்னிக்கிற்கு 21.2 விழுக்காடும் இருந்தன. யுட்கின் நெடுந்தொலைவு ஓட்டக்காரர். யாக்னிக்கின் ஓட்டமோ, மருத்துவமனை மின்தூக்கியின் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைவதற்கு ஓடும் ஓட்டந்தான் என்று அக்குறிப்பு நகைச்சுவையாகச் சொல்கிறது.

இவ்வேறுபாட்டிற்கு மரபும் பிறப்பு முதலான வளர்ச்சிச் சூழலும் காரணங்களாகலாம். ஓட்டம் மட்டுமே காரணம் என்று கூறிவிட இயலாது. எனினும், மெலிந்த தோற்றமுடைய இந்தியர் உடலிலும் வயிற்றின் உட்பகுதியில் கொழுப்பு மிகுதியாகச் சேரக்கூடும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆகவேதான் இந்தியர்க்கு இடுப்புச் சுற்றளவையும் அளந்து பார்க்கின்றனர். வயதுவந்த ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பன எச்சரிக்கை எல்லைகள்.

இதிலிருந்து மாணவர் அறிய வேண்டியவை இரண்டு. ஒல்லியாக இருப்பவர், 'எனக்குப் பயிற்சி தேவையில்லை' என்று இருந்துவிடக் கூடாது. பருமனாக இருப்பவர், இரண்டு மாதம் முறையாகப் பயின்றும் எடைப்பொறியின் எண் குறையவில்லையே என்று சோர்ந்துவிடக் கூடாது. கொழுப்பு சிறிது குறைந்து தசை சிறிது கூடியிருந்தால் எண் அசையாமல் நிற்கும், உடலோ மாறியிருக்கும்.

ஏறி இறங்கியவரும் அமர்ந்தவரும்

உடலியக்கத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் தெளிவாக அளந்து காட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜெர்ரி மோரிஸ். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் லண்டன் மாநகரின் பேருந்துப் பணியாளர்கள். ஓட்டுநர் நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் பயணச்சீட்டு வழங்குவதற்காக இடைவிடாது ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே வகைப் பேருந்து. ஆயினும் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே இருந்தது. 1953ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, உடல் அசைவே ஒரு காப்பு என்னும் எண்ணத்துக்கு அறிவியல் அடிப்படை அமைத்தது.

லண்டன் ஓட்டுநரின் நிலை இன்று நம்முடைய நிலை. கிணற்றில் நீர் இறைத்த கைகள் குழாயைத் திருகுகின்றன. உரலும் அம்மியும் இருந்த இடத்தில் மின்கருவிகள் அமர்ந்துள்ளன. பள்ளிக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் இருசக்கர வண்டியில் வந்து இறங்குகின்றனர். இவற்றை இழப்பு என்று புலம்பத் தேவையில்லை. முதுகொடியும் வேலைகளினின்று பெண்கள் விடுபட்டது நல்லதே. ஆனால், அவ்வேலைகளோடு போன உடலியக்கத்துக்கு ஈடாக வேறொன்றை நாம் வைக்கவில்லை.

அதன் விளைவைக் கணக்குகள் காட்டுகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் மிகைஎடை அல்லது உடற்பருமன் உடையோர் 2015-16இல் 30.9 விழுக்காட்டினராக இருந்தனர், 2019-21இல் 40.4 விழுக்காட்டினராயினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. உலக அளவில் 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவருள் 81 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வு. சிறுவரைவிடச் சிறுமியர் நிலை இதில் மேலும் பின்தங்கியுள்ளது.

தெரிந்து தெளிவோம்
5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். வாரத்தில் 3 நாளேனும் தசைகளையும் எலும்புகளையும் வலுப்படுத்தும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை.

ஓட்டம் செய்வதும் செய்யாததும்

ஓடும்போது கால்தசைகளுக்கு மிகுதியான உயிர்வளி தேவைப்படுகிறது. அதனை வழங்க இதயம் விரைந்து துடிக்கிறது. வாரக்கணக்கில் ஓடிப் பழகும்போது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிடக் கூடுதலான குருதியை அனுப்பக் கற்கிறது. தசைகளுக்குள் நுண்ணிய குருதிநாளங்கள் பெருகுகின்றன. உணவை ஆற்றலாக்கும் செல் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகுகின்றன. அதனால்தான் முதல் வாரத்தில் மூச்சிரைக்கச் செய்த தொலைவு, இரண்டு மாதத்தில் பேசிக்கொண்டே கடக்கும் தொலைவாகிறது.

எடையைக் குறைப்பதில் ஓட்டத்தின் பங்கை மிகைப்படுத்தவும் கூடாது. ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 5 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ 300 கலோரி செலவழிப்பார். ஓடி முடித்துத் தேநீர்க் கடையில் இரண்டு வடையும் இனிப்பிட்ட தேநீரும் உட்கொண்டால் அச்செலவில் பெரும்பங்கு திரும்பிவிடும். உணவில் ஒழுங்கு இல்லாத ஓட்டம் எடையைக் குறைக்காது. ஆனால், எடை குறையாவிடினும் இதயமும் குருதிநாளங்களும் உறக்கமும் மனநிலையும் ஓட்டத்தால் நலம்பெறும். எடையை மட்டுமே பார்ப்பவர் இந்நன்மைகளைக் காணாமல் பயிற்சியைக் கைவிடுகிறார்.

நம் மாவட்டத்து இளைஞர் பலர் காவல்துறையிலும் படைகளிலும் சேர விரும்பி ஓடிப் பழகுகின்றனர். தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள்ளும் ஓடிமுடிக்க வேண்டும். தேர்வு அறிவிப்பு வந்ததும் ஓடத் தொடங்குவோர் அவசரத்தில் முழங்காலையும் கணுக்காலையும் புண்படுத்திக்கொள்கின்றனர். தேர்வு முடிந்ததும் ஓட்டத்தையே நிறுத்திவிடுகின்றனர். குறிப்பிட்ட ஒருநாளுக்காக ஓடுவதற்கும் வாழ்நாளுக்காக ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

புதிதாகத் தொடங்குவோர் ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். இவ்வாறு ஏழெட்டு முறை செய்தால் போதும். வாரத்துக்கு மூன்று நாள் இதனைத் தொடர்ந்து, ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஓடும்போது ஒரு தொடரேனும் தடையின்றிப் பேச இயலவேண்டும். இயலாவிடின் வேகம் மிகுதி என்று பொருள். சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலை காரிமங்கலத்தை ஒட்டிச் செல்கிறது. இருள் பிரியாத வேளையில் அத்தகைய சாலையோரங்களில் ஓடுவது உயிருக்கு ஊறு விளைவிக்கும். பள்ளி மைதானமும் போக்குவரத்தற்ற மண்பாதையுமே ஓட்டத்துக்கு ஏற்ற இடங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

கல்லைத் தூக்கிய மரபு

ஓடுவது இதயத்துக்கு நன்மை தரும் என்பதைப் பலரும் அறிவர். எடை தூக்கிப் பழகும் வலிமைப் பயிற்சி மட்டும் திரைப்பட நாயகர்க்கும் போட்டியாளர்க்கும் உரியது என்றொரு கருத்து நிலவுகிறது. நம் மரபு அவ்வாறு கருதவில்லை. ஊர்ப் பொதுவிடத்தில் கிடந்த உருண்டையான இளவட்டக்கல்லைத் தோள்வரை தூக்குவது தமிழக இளைஞரின் வலிமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. தண்டாலும் கர்லாக்கட்டையும் ஊர்ப்புறச் சிலம்பக்கூடங்களில் பயிற்றுவிக்கப்பட்டன. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது இளவட்டக்கல் தூக்கும் போட்டி இக்காலத்திலும் நடைபெறுகிறது. அதில் பெண்களும் கலந்துகொள்கின்றனர்.

அம்மரபின் இன்றைய வளர்ச்சியைப் பளுதூக்கும் அரங்கில் காணலாம். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டியில், 77 கிலோகிராம் பிரிவில் மொத்தம் 328 கிலோகிராம் தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரிலும் அதே பிரிவில் தங்கம் வென்றார். மணிப்பூர் மாநிலச் சிற்றூரில் விறகு சுமந்து வளர்ந்த மீராபாய் சானு, 2016 ரியோ ஒலிம்பிக்கில் தூக்கிநிறுத்தும் பிரிவின் மூன்று முயற்சிகளிலும் தோற்றார். அவருக்கு மொத்த எடை என ஒன்று பதிவாகவேயில்லை. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோகிராம் பிரிவில் மொத்தம் 202 கிலோகிராம் தூக்கி வெள்ளி வென்றார். பட்டியலில் எண்ணே இல்லாமல் திரும்பியவருக்கும் மைதானம் மூடப்படவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வலிமைப் பயிற்சி செயற்படும் முறை எளியது. பழகியதைவிடச் சற்றே கூடுதலான சுமையைத் தசை எதிர்கொள்கிறது. பின் உணவாலும் உறக்கத்தாலும் தன்னைச் சீர்செய்துகொண்டு முன்னினும் வலுப்பெறுகிறது. அடுத்த முறை சுமையைச் சிறிது கூட்டலாம். ஓய்வின்றி நாள்தோறும் ஒரே தசையை வருத்தினால் வளர்ச்சி தடைப்படும். வலுவான தசை, குருதியிலுள்ள சர்க்கரையை எடுத்துச் சேமிக்கும் பெருங்களஞ்சியமாகவும் பயன்படுகிறது. நீரிழிவைத் தடுப்பதில் வலிமைப் பயிற்சிக்குப் பங்கிருப்பது இதனால்தான்.

எடை தூக்கினால் உயரம் வளராது என்னும் அச்சம் பெற்றோரிடம் உண்டு. தகுந்த ஆசிரியரின் மேற்பார்வையில், சரியான உடல்நிலையில், மிதமான சுமையுடன் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. பயிற்சி செய்தால் ஆண்களைப்போல் உடல் பருத்துவிடும் என்னும் அச்சம் மாணவியரிடம் உண்டு. பெண்ணுடலின் இயக்குநீர் அமைப்பு அத்தகைய பெருந்தசைகளை எளிதில் உருவாக்குவதில்லை. அவர்கள் பெறுவது உறுதியான எலும்பும் நிமிர்ந்த முதுகுமே.

எலும்பைப் பற்றிப் பேசுகையில் தருமபுரி மாவட்டம் ஒன்றை மறக்கவியலாது. இப்பகுதி நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. தலைமுறை தலைமுறையாக அந்நீரைப் பருகியதால் பற்களில் கறை படிந்தோரும், மூட்டுகள் இறுகிக் குனியவும் நிமிரவும் இயலாமல் துன்புற்றோரும் இம்மண்ணில் பலர். 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது. தரையில் அமர்ந்து கையூன்றாமல் எழுவது எத்தகைய செல்வம் என்பதை அம்முதியோர் அறிவர். மனித எலும்பு தன் உறுதியின் பெரும்பங்கை வளரிளம் பருவத்திலும் அதனை அடுத்த சில ஆண்டுகளிலும் சேர்த்துக்கொள்கிறது. முன்னோர்க்குக் கிடைக்காத நல்ல நீர் கிடைக்கப்பெற்ற தலைமுறை, எலும்பைச் சேமிக்கும் இந்த ஆண்டுகளை நாற்காலியிலேயே கழித்துவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

உழைப்பவருக்குப் பயிற்சி எதற்கு?

'காட்டுவேலை செய்பவருக்கு உடற்பயிற்சி எதற்கு?' என்று சிலர் கேட்பர். வயலில் களையெடுப்பவரும் நாள் முழுவதும் தேங்காய் உரிப்பவரும் கட்டடத்தில் மணல் சுமப்பவரும் மிகுதியாக உழைக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. உழைப்பில் சுமையின் அளவை வேலை முடிவுசெய்கிறது; பயிற்சியில் உடல் முடிவுசெய்கிறது. உழைப்பவர் ஒரே அசைவை ஒரே பக்கமாக ஆயிரம் முறை செய்ய நேர்கிறது. வலித்தாலும் நிறுத்த முடிவதில்லை. பயிற்சியில் எல்லாப் பக்கமும் சமமாக இயங்குகிறது. ஓய்வும் அதன் பகுதியாகிறது. உழைக்கும் உடலுக்குத்தான் காயமின்றித் தாங்கும் வலிமை மிகுதியாகத் தேவை.

இக்கேள்விக்குள் மற்றொரு நியாயம் மறைந்திருக்கிறது. காலையில் பால் கறந்து, மாலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்து, இடைப்பட்ட நேரத்தில் பள்ளிக்கு வரும் மாணவர் எப்போது ஓடுவார்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கட்டணம் செலுத்தி உடற்பயிற்சிக்கூடம் செல்லலாம். மற்றவர்க்கு வாய்த்த ஒரே பயிற்சிக்கூடம், பள்ளியின் உடற்கல்விப் பாடவேளைதான்.

தட்டில் இருப்பது

'இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்' என்பது நம் நாட்டுப் பழமொழி. உடலின் நிலையறிந்து உணவைத் தேர்ந்த அறிவு அதில் உள்ளது. திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அதன் பத்துக் குறள்களில் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதே அங்குப் பெரிதும் வலியுறுத்தப்படுகிறது.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட வாழ்வு தரும் நெல்லிக்கனியை ஔவைக்கு அளித்த வரலாற்றை நாம் அறிவோம். அத்தகைய ஒற்றைக் கனியைத் தங்கள் புட்டிக்குள் அடைத்துவைத்திருப்பதுபோல் இன்றைய விளம்பரங்கள் பேசுகின்றன. பத்து நாளில் எடை குறையும், ஒரு மாதத்தில் தசை பெருகும் என்று உறுதி கூறும் பொடிகளை மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்வது தீங்காகவே முடியும். நம் மாவட்டத்தில் விளையும் கேழ்வரகின் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது. கொள்ளும் நிலக்கடலையும் பருப்பும் முட்டையும் தசைக்குத் தேவையான புரதத்தைத் தரும். இவை எளிய வீடுகளிலும் கிடைக்கக்கூடியவை.

வளரும் பருவத்தில் பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயல்வது பெருந்தவறு. உணவு குறைந்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது, கவனம் சிதறுகிறது, மாணவியர்க்கு மாதவிடாய் ஒழுங்கு கெடுகிறது. இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் 59.1 விழுக்காட்டினருக்குக் குருதிச்சோகை உள்ளதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கூறுகிறது. சிறிது தொலைவு ஓடியதுமே தளர்ந்துவிடும் மாணவியைச் சோம்பேறி என்று கருதுவதற்கு முன், அவரது குருதியில் இரும்புச்சத்து உள்ளதா என்று பார்க்க வேண்டும். பள்ளியில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உண்பதும் ஓட்டப்பயிற்சியின் ஒரு பகுதியே.

யாருக்கு உரியது மைதானம்?

மேல்நிலை வகுப்புக்கு வந்ததும் பல பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளை அட்டவணையில் மட்டும் எஞ்சுகிறது. முடிக்கவேண்டிய பாடம் மிகுந்திருக்கும் ஆசிரியர் அவ்வேளையைக் கேட்டுப் பெறுகிறார். தேர்வை எண்ணிப் பெற்றோரும் அதனை ஏற்கின்றனர். தேர்வின் முதன்மையை நான் மறுக்கவில்லை. மதிப்பெண் ஒன்றே பல குடும்பங்களுக்கு முன்னேற்றத்தின் வாயில். ஆனால், வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஓடி விளையாடியதால் எந்த மாணவரும் தோற்றுவிட மாட்டார். பதினாறு வயதில் கைவிட்ட பழக்கத்தை நாற்பது வயதில் மருத்துவர் கட்டளையால் மீட்டெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நடுத்தர வயதினர் ஒவ்வொருவரும் அறிவர்.

பாடவேளை கிடைத்தாலும் அது யாருக்குப் பயன்படுகிறது என்பது அடுத்த கேள்வி. போட்டிகளில் வெல்லக்கூடிய சிலர் மைதானத்தின் நடுவில் பயிற்சி பெறுகின்றனர். ஏனையோர் ஓரத்தில் நின்று கைதட்டுகின்றனர். கணிதத்தில் பின்தங்கிய மாணவருக்குச் சிறப்பு வகுப்பு நடத்துகிறோம். ஓட்டத்தில் பின்தங்கிய மாணவரை அமரச்சொல்கிறோம். கல்வியின் நெறி இரண்டிலும் ஒன்றாகத்தானே இருத்தல் வேண்டும்?

ஆகவே சிலவற்றை வேண்டுகோளாக முன்வைக்கிறேன். உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்குத் தருவதில்லை என்று ஒவ்வொரு பள்ளியும் உறுதிகொள்ளட்டும். மாணவரைப் பிறரோடு ஒப்பிடாமல், அவரது சென்ற மாத அளவோடு ஒப்பிடும் குறிப்பேடு ஒன்றை வைக்கலாம். எத்தனை சுற்று நிற்காமல் ஓடினார், எத்தனை தண்டால் எடுத்தார், கையூன்றாமல் எத்தனை முறை அமர்ந்து எழுந்தார் என்பன அதில் இடம்பெறட்டும். எடை இடம்பெற வேண்டியதில்லை. மாணவியர் தயக்கமின்றி ஓடுவதற்கேற்ற உடையும் நேரமும் தூய்மையான கழிவறையும் உறுதிசெய்யப்பட வேண்டும். உடலை இகழும் பட்டப்பெயர்களை விளையாட்டுப் பேச்சாக எண்ணி ஆசிரியர் கடந்துசெல்லக் கூடாது. மாற்றுத்திறன் மாணவர்க்கு அவரவர்க்கு ஏற்ற பயிற்சியை வகுத்தல் வேண்டும்.

கருவிகள் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. தண்டாலுக்குத் தரை போதும். தோப்புக்கரணத்துக்கு அதுவும் மிகுதி. மணல் நிரப்பிய பை ஒன்று நல்ல பளுவாகும். மரக்கிளையில் உறுதியான இடம் இருந்தால் தொங்கிப் பழகலாம். முப்பது நிமிடமும் ஒருவரையொருவர் ஏளனம் செய்யாத நண்பர் கூட்டமும் இருந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

மாணவர்களே! அடுத்த பாடவேளையில் உங்கள் வகுப்பில் ஒருவர் அனைவருக்கும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருவார். தன் எடையோடும் தன்னைப் பார்க்கும் கண்களோடும் ஒருசேரப் போராடிக்கொண்டு வரும் அவரது முயற்சி, முதலில் வந்தவரின் முயற்சிக்குக் குறைந்ததன்று. ஓடிமுடித்தவர்கள் திரும்பிச் சென்று அவரோடு கடைசிச் சுற்றைச் சேர்ந்து ஓடுங்கள். அடுத்த வாரமும் அவர் மைதானத்துக்கு வருவதற்கு அது ஒன்றே போதுமானது.

கற்பவை கற்றபின்...

1. ஒரு மாதத்துக்கான உடற்பயிற்சிக் குறிப்பேடு ஒன்றை உருவாக்கி, உங்கள் முன்னேற்றத்தை வாரந்தோறும் பதிவு செய்க.

2. உங்கள் ஊரில் இளவட்டக்கல், சிலம்பம், கர்லாக்கட்டை போன்ற வலிமைப் பயிற்சிகள் வழங்கிய முறைகளை முதியோரிடம் கேட்டறிந்து தொகுக்க.

3. 'மேல்நிலை வகுப்புகளில் உடற்கல்விப் பாடவேளை தேவையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. உடல் தோற்றத்தை இகழும் பேச்சு மாணவரிடையே ஏற்படுத்தும் விளைவுகளை விளக்கிப் பள்ளி இதழுக்கு ஒரு கடிதம் எழுதுக.